ஆறாவது கட்டம்

சுருட்டையின் திரையில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஆறும் காலி.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ரேடியோவின் கட்டங்கள் நிரம்பி வழிந்தன. படத்துக்குப் படம் நட்சத்திரம், ஓரமெல்லாம் பட்டாம்பூச்சி. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். சுருட்டைக்கு முடியால் வந்த பெயர்.

"களிமண் வகுப்புல இந்த வருஷம் செஞ்சதுல உங்களுக்குப் பிடிச்ச ஆறு," என்று டீச்சர் திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். "ஒவ்வொண்ணையும் ஏன் தேர்ந்தெடுத்தீங்க, செய்யும்போது என்ன கஷ்டம் வந்துச்சுன்னு எழுதணும். இந்தத் தொகுப்பு அடுத்த வகுப்புக்கும் உங்க கூடவே வரும். வெள்ளிக்கிழமை பெரிய திரையில காட்டணும்."

சுருட்டை அன்றே நோட்டில் கட்டம் போட்டுத் திட்டமிட்டாள். முதலில் தவளை; அதைப் பார்த்தால் அழுகிறவர்களுக்கும் சிரிப்பு வரும். அடுத்து கைப்பிடி விழுந்து மறுபடி ஒட்டிய குவளை. பிறகு தூங்கும் நாய், படிக்கட்டு, அம்மாவின் ஹெல்மெட். பின்னணி வெளிர்நீலம். நட்சத்திரம் கிடையாது.

ஆறாவது கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் ஏதோ ஒன்று செய்தாள். ரொம்பப் பிடித்திருந்தது. என்னவென்றுதான் ஞாபகம் வரவில்லை. படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படங்கள் அம்மாவின் போனில் இருந்தன. பள்ளியில் இருப்பது ஒரே ஒரு டிரம் களிமண். இரண்டு மாதம் முன்பு களிமண் வகுப்பு முடியும்வரை, வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் பெற்றோர் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு தவளையும் குவளையும் பிசையப்பட்டு டிரம்முக்கே திரும்பிவிடும். மிஞ்சுவது படம் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனைத் திறந்தாள். கதவு. இன்னொரு கதவு. பச்சைக் கதவு, நாய் உட்கார்ந்திருக்கும் கதவு. அம்மாவுக்கு வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. பார்சலை வாசலில் வைத்துக் கதவோடு ஒரு படம் எடுத்து அனுப்பினால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரைக்கும் கதவுகள்தான்.

"அம்மா, என் படமெல்லாம் எங்கே?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

"போன மாசம் ஒருநாள் கொட்டுற மழை. ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறேன், இடமில்லைன்னு போன் நின்னுபோச்சு. படம் எடுக்காம நகர முடியாது. கதவை மட்டும் பார்த்துப் பார்த்து அழிக்க நேரமில்லை. 'எல்லாம்'னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"எல்லாமா?"

"உன்கிட்ட சொல்லணும்னு தினம் நினைச்சேன், கண்ணு. வாய் வரலை."

சுருட்டை போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் செஞ்சதெல்லாம் உனக்குக் குப்பைதானா?"

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். குழாயை மூடினாள், ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுருட்டை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தன் பத்து விரல்களையும் முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்தாள். ஒரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால் எதைக் காட்டுவது? காட்ட ஒன்றும் இல்லையென்றால் செய்ததும் செய்யாததும் ஒன்றுதானே?

புதன்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் பின்னணியை நீலமாக்கினாள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

"என்னடி, வாடகைக்கு விடப்போறியா? ஆறு ரூமும் காலியா இருக்கு!" என்றாள் ரேடியோ. பின்வரிசையே சிரித்தது. சுருட்டை தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று அம்மா வந்ததும் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள். சுருட்டை கழுவப் போடலாம் என்று தூக்கினாள். கனத்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"மத்தியானம் எங்கே போனே?"

"அழிஞ்ச படம் திரும்பக் கிடைக்குமான்னு கேட்க, போன் ரிப்பேர் கடைக்கு. போன மாசமே ஒருத்தர் முடியாதுன்னுட்டார். இன்னிக்கு இன்னொருத்தரும் கையை விரிச்சிட்டார்." அம்மா தரையிலேயே உட்கார்ந்தாள். "சாப்பிடும்போது வண்டியை மரத்தடியில நிறுத்திட்டு அந்தப் படங்களைத்தான் பார்ப்பேன். இப்ப பார்க்க ஒண்ணுமில்லை. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

சுருட்டை டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். நேற்று தான் சொன்ன வார்த்தை திரும்பி வந்து அவளையே குத்தியது.

"தினமுமா பார்ப்பே?"

"பின்னே? உன் தவளைக்கு ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு. சின்னக் கண்ணு பக்கம் பார்த்தா எங்க சூப்பர்வைசர். பெரிய கண்ணு பக்கம் பார்த்தா, சம்பள உயர்வு கேட்டதும் சூப்பர்வைசர்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கண் விஷயம் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"இரும்மா, இரு. மறுபடி சொல்லு." போனை எடுத்துக் குரல் பதிவு பட்டனை அமுக்கினாள். "என் கட்டத்துல படம்தான் இருக்கணுமா என்ன? குரலும் போடலாம்னு டீச்சர் காட்டியிருக்காங்க."

"என் குரலா? தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி இருக்குமே!"

"இருக்கட்டும். சொல்லு."

குவளை, நாய், படிக்கட்டு, ஹெல்மெட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள் அம்மா. குவளையின் கைப்பிடியில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகையைக்கூடச் சொன்னாள்.

ஆறாவதுக்கு வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உருண்டையா இருந்துச்சா?"

"தெரியலைம்மா."

"அந்த வாரம் மூச்சு முட்ட ஓடி வந்தேன். படம் எடுத்தேனாங்கிறதே ஞாபகமில்லை."

நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்கள். வரவில்லை. அது போனது போனதுதான். ஐந்தைக் காப்பாற்றிவிட்டு ஒன்றை நடுத்தெருவில் விட்டுவந்தது போலச் சுருட்டைக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய திரையில் வெளிர்நீலத்தில் ஆறு வெற்றுக் கட்டங்கள் வந்தன. வகுப்பே கொல்லென்று சிரித்தது. சுருட்டை மவுஸை நகர்த்தினாள். முதல் கட்டத்தை அமுக்கினாள்.

தகரக் குரல் வகுப்பை நிறைத்தது. "உன் தவளைக்கு ஒரு கண்ணு பெருசு..."

சிரிப்பு நின்றது. சூப்பர்வைசர் பேச்சு வந்ததும் மறுபடி கிளம்பியது. இந்த முறை அது தவளைக்கான சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சுருட்டை, செய்யும்போது பட்ட கஷ்டத்தை எழுதியிருந்தாள். ஆறாவதில் குரல் இல்லை. இரண்டு வரி மட்டும்:

'இதில் என்ன இருந்தது என்று எனக்கும் அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பது மட்டும் தெரியும்.'

ரேடியோகூடப் பேசவில்லை. அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு," என்றாள் திடீரென்று.

"என்னது?" என்றார் டீச்சர்.

"செருப்பு, டீச்சர்! வலது கால் இவ செஞ்சா, இடது கால் நான். வார் நிக்கவே மாட்டேன்னுச்சு. இவதான் உள்ளே கம்பி வெச்சா. என்னோடதுக்கும் வெச்சுக் குடுத்தா. கடைசியில இடது பெருசாவும் வலது சிறுசாவும் வந்து... ஏய், ஞாபகமில்லையாடி?"

கம்பி. விரல் நுனியில் குத்திய கம்பி! சுருட்டைக்கு வாரின் வளைவுகூடத் தெரிந்தது.

"உன் தொகுப்புல ஏன் போடலை?" என்று கேட்டாள் சுருட்டை.

"என்கிட்டயும் படமில்லை. ஒத்தைச் செருப்பை எந்த அப்பா படம் எடுப்பார்?" ரேடியோவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் மறந்துட்டேன். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும்தான் வந்துச்சு."

சுருட்டை ஆறாவது கட்டத்தில் குரல் பதிவை அமுக்கி, கம்ப்யூட்டர் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினாள். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

மறுநாள் மத்தியானம் அம்மா வண்டியை மரத்தடியில் நிறுத்தி, டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் போனுக்கு அனுப்பிய தொகுப்பில் ஆறாவது கட்டத்தை அமுக்கினாள். ரேடியோ பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவள் முடிப்பதற்குள் டப்பா காலியாகிவிட்டது.