வளைவில் குறையும் தண்ணீர்

போடியிலிருந்து ஜீப்பில் ஏலமலைச் சரிவுக்குப் போனபோது என்னிடம் ஒரு லேப்டாப்பும், வாந்திக்கு ஓர் எலுமிச்சம்பழமும், நிறைய அகந்தையும் இருந்தன. பழம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. அகந்தை கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது.

மலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குடிநீர்க் குழாய்களைக் கம்ப்யூட்டரில் அப்படியே வரைந்திருந்தோம். எங்கே எவ்வளவு அழுத்தம் என்று அது சொல்லும். குழாயில் மாட்டிய மீட்டரும் அதையே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஜாதகம் பொருத்துகிற வேலைதான். பொருந்தினால்தான் கடைசித் தெருவுக்குப் பெரிய குழாய். அங்கே தண்ணீர் நூலாகத்தான் வருகிறது என்று ஈஸ்வரி என்ற தோட்டத் தொழிலாளி என்னைத் திட்டினார். மோர் கொடுத்துவிட்டுத்தான் திட்டினார்.

எல்லா இடமும் பொருந்தியது, ஒரு வளைவைத் தவிர.

அங்கே வீடில்லை, குழாயடி இல்லை. ஆனால் காலையும் மாலையும் அழுத்தம் குறைந்தது. ஒழுக்கு என்றால் நாள் முழுக்கக் குறையும். இது, ஆட்கள் தண்ணீர் பிடிப்பதுபோல.

குழாய் பிட்டர் பால்பாண்டி சொல்லித்தான் தெரிந்தது. முன்பு அங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்தன. குழாய் வாசலோடு போயும் அவர்களுக்கு இணைப்பு தரவில்லை. ஒரு மழைக்காலையில் ஓடையில் குடத்தோடு நின்றவர்கள்மேல் மலை சரிந்தது.

"ஆளில்லாத எடம் சார். வெரசா எறங்கிருவோம்."

நான் வளைவில் மாட்டிய மீட்டரைப் பார்த்தேன். மூடுபனி. ஈர மண் வாசனை. ஏலச்செடியில் ஓர் இலைகூட அசையவில்லை.

முள் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

ஒவ்வொருவராக.

கம்ப்யூட்டரில் அந்த வளைவில் சில குடும்பங்களைக் குடியேற்றினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

மேலதிகாரி போனில் சிரித்தார். அந்தக் குடும்பங்களை அழித்துவிட்டு, கடைசித் தெருக்காரர்கள் திருடுவதாக எழுதச் சொன்னார். உயிரோடு இருந்தபோதும் வளைவுக்காரர்கள் எங்கள் கணக்கில் இல்லை.

அப்படி எழுத மனம் வரவில்லை. பழுது என்று பொய் சொல்லி, வளைவைத் தொடாமல் குழாயை வேறு வழியாகத் திருப்பினேன். செத்தவர்களுக்குத் தண்ணீரை நிறுத்திய முதல் பொறியாளன் நானாகத்தான் இருப்பேன்.

குழாய் மாறிய மறுநாள் காலை கடைசித் தெருவில் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் காலிக்குடங்களோடு தள்ளியே நின்றார்கள். தொட்டித் தண்ணீரை நிறுத்தும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிடிக்கச் சொன்னேன். ஈஸ்வரி அசையவில்லை.

"முன்னாடி நிக்கிறவுக பிடிச்சு முடிக்கட்டும் சார்," என்றார் மெல்ல. "என் தங்கச்சியும் நிக்கிறா."

குழாயடியில் யாரும் இல்லை.

தண்ணீர் கொட்டியது. தரை காய்ந்தே கிடந்தது. குடம் நிறையும் சத்தம் மட்டும் மெல்ல மேலேறி, விளிம்பில் நின்றது.

பிறகு, அடுத்த குடத்தின் அடியிலிருந்து தொடங்கியது.