லாசருக்கு ஊற்றாத தண்ணீர்

வங்காலையிலிருந்து புறப்பட்ட அருள்நாயகி பேசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. கருவாட்டு வாடையூடே நடந்து அக்கா றோசம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். அக்காவின் குழந்தைக்கு நாளை ஞானஸ்நானம். அவள்தான் ஞானத்தாய்.

அக்காவின் முதல் பிள்ளை பிறந்தவுடனே செத்துப்போன அந்த அறைக்குள் எட்டு வருஷமாக அவள் கால் வைக்கவில்லை. கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாம் அன்று இருந்தபடியே இருந்தன. கட்டிலடியில், சிமெந்துத் தரையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

“சோளகக் காத்து அடிச்சாலும் அது காயாது,” என்றாள் றோசம்மா.

அத்தான் அம்புறோஸ் சிரித்தபடி வந்தார். “செத்த பிள்ளையின்ர பேரையோ இவனுக்கும் வைக்கிறியள் எண்டு சனம் கேக்குது. லாசர் எண்டவரே செத்து எழும்பினவர்தானே எண்டனான். பழைய எபிரேயப் பேராம். ‘கடவுள் உதவினார்’ எண்டு கருத்தாம். சுவாமியார் சொன்னவர்.”

கடவுள் அன்று உதவிக்கு ஆள் அனுப்பித்தான் இருந்தார். அந்த ஆள் அருள்நாயகி.

முதல் பிள்ளை மூச்சுக்குத் தவித்தபோது, தாயைப் பிடித்திருந்த மருத்துவிச்சி சொன்னாள்: “கெதியா தலையில தண்ணி ஊத்தி லாசர் எண்டு பேரைச் சொல்லு பிள்ளை.”

செம்பு கை நழுவி விழுந்தது. தண்ணீர் தரையோடு போயிற்று. பேரைச் சொல்லுமுன்பே பிள்ளை அடங்கிவிட்டது.

“ஊத்தினியோ?” என்றாள் மருத்துவிச்சி.

“ஓம்.”

இல்லையென்றால், ஞானஸ்நானம் பெறாத பிள்ளையென்று சேமக்காலைக் கல்லறைகளுக்கு வெளியே புதைப்பார்கள்.

“அக்கா, அண்டைக்கு...” என்று அவள் தொடங்கினாள்.

“அண்டைக்கு நீ ஊத்தினபடியாலதான் எனக்கு இண்டைக்கும் நித்திரை வருது,” என்றாள் றோசம்மா.

அருள்நாயகி குழந்தையின் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

கட்டிலடியில் செம்பு உருளும் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். அங்கே செம்பு இல்லை.

மறுநாள் கோயிலில் குழந்தையை வலக்கையில் ஏந்தி நின்றாள். சுவாமியார் பேரைக் கேட்டார்.

“லாசர்.”

அந்தப் பேரைத் தண்ணீருக்கு முன்னால் அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

மூன்று முறை தண்ணீர் ஊற்றப்பட்டது. குழந்தை சிணுங்கவில்லை. தலை துவட்டத் துவாயோடு குனிந்த றோசம்மா முணுமுணுத்தாள். “என்ன இது, தலையில ஈரமே இல்லை.”

அருள்நாயகியின் வெறும் இடக்கை மடிப்பில் குளிர்ந்த ஈரம் இறங்கியது.

பிறகு ஒரு பாரம்.

பிறந்த பிள்ளையின் பாரம்.

வீடு திரும்பியபோது கட்டிலடி காய்ந்து கிடந்தது.

“பிள்ளையைத்தான் நான் வாங்கிப்போட்டனே,” என்றாள் றோசம்மா. “மற்றக் கையை இன்னும் ஏனடி மடிச்சு வச்சிருக்கிறாய்?”

அருள்நாயகியால் அந்தக் கையை இறக்க முடியவில்லை. அவளுடைய முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.