சாக்குச் சுற்றிய கைகள்

படகுகளும் மீன்வாடியும் வைத்திருந்த சம்மாட்டி லோறன்ஸின் மனைவி மார்கிறட், வாடிக் கிணற்றுக்கட்டில் கழற்றி வைத்த தங்கச் சங்கிலி, அவள் குளித்து முடிப்பதற்குள் காணாமற் போயிருந்தது. 1962 மார்கழி, முல்லைத்தீவுக் கடற்கரை, காலை ஏழரை மணி.

தகவல் கேட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டர் பரமலிங்கம், வாடியிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட நின்ற மீன் லொறியை மறித்து ஐஸ் பெட்டியைக் கிளறச் செய்தார். மேலே கிடந்த பாரை மீனின் செவுளுக்குள் சங்கிலி மினுங்கியது.

லோறன்ஸின் வாடியில் பெட்டி அடுக்குபவன் மரியநேசன். கைகளிலும் கால்களிலும் சாக்குச் சுற்றியிருந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஏழையைச் சந்தேகிக்க இங்கே யாருக்கும் நேரம் எடுப்பதில்லை.

"நான் கண்டனான் ஐயா," என்றான் லொறிச் சாரதி யோகநாதன். "இப்ப கொஞ்சம் முந்தி, சாக்கைக் கழட்டிப்போட்டு ஐஸைக் கிண்டிக்கொண்டு நிண்டவன்."

"வெறுங்கையாலையோ?"

"ஓம் ஐயா."

பரமலிங்கம் சாக்கை அவிழ்த்தார். கைகளில் சிவப்போ வீக்கமோ இல்லை.

"ஏன் கட்டினனி? வேறை ஒருத்தரும் கட்டேல்லையே."

மரியநேசன் சம்மாட்டியைப் பார்த்தான். ஐஸ் பெட்டியிலிருந்து கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இந்த ஐஸைப் பிடி."

"சம்மாட்டியாருக்கு முன்னாலை வேண்டாம் ஐயா. என்ர வேலை போயிடும். மூண்டு பிள்ளையள்."

"கள்ளனெண்டு மறியலிலை அடைச்சால் மட்டும் வேலை நிக்குமோ? பிடி."

பிடித்தான். சற்று நேரத்தில் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை செந்தடிப்புகள் எழும்பின. விரல்கள் வீங்கின.

"குளிர் பட்டால் இப்பிடித்தான் ஐயா. காலும் வீங்கும். பிறகு தானா வத்திப்போடும்."

பரமலிங்கம் சாரதியிடம் திரும்பினார். "இவன் வெறுங்கையாலை கிண்டியிருந்தால், நான் சாக்கை அவிழ்க்கேக்கை கை இப்பிடி இருந்திருக்கவேணும். நடக்காததைக் கண்டதெண்டு ஏன் சொன்னனி? பெட்டி யாழ்ப்பாணம் போகுது. இவன் இஞ்சை நிக்கிறான். வழியிலை பெட்டியைத் திறக்கக்கூடிய ஆள் நீதான். எடுத்து ஒளிச்சதும் நீதான், யோகநாதன்."

யோகநாதன் தலை குனிந்தான். கையில் விலங்கு விழுந்தது.

லோறன்ஸ் சங்கிலியைப் பார்க்கவில்லை. மரியநேசனின் கைகளைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். "பெருவியாதியை வைச்சுக்கொண்டோ என்ர மீனைத் தொட்டனி? இனி வாடிப்பக்கம் வராதை."

"இது தொத்துற வருத்தமில்லை," என்றார் பரமலிங்கம்.

"உங்களுக்குத் தெரியும். என்னட்டை மீன் வாங்கிறவனுக்குத் தெரியுமோ?"

பரமலிங்கம் ஜீப்பில் ஏறினார். கள்ளனை ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்பட்டது. ஒரு குற்றமும் செய்யாதவனுக்கு அன்று தீர்ப்புக் கிடைத்துவிட்டது.

பத்து மணிக்குள் தடிப்புகள் அடங்கிவிட்டன. அதைக் காட்ட மரியநேசன் வாடிக்குத் திரும்பி ஓடினான். படலையைப் பூட்டியிருந்தார்கள்.