கடைசி ஆளுக்குப் பின்னால்

பாலமேடு தாண்டிக் கடைசித் தெருவிளக்கும் பனிக்குள் கரைந்துபோன இடத்தில், வரிசையின் கடைசி ஆளாக மிதித்துக்கொண்டிருந்த பவதாரிணி, "குழி, எடது!" என்று கத்தினாள். கத்தவேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் பின்னால் யாரும் கிடையாது. வெறும் பழக்கம். முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் கையைத் தாழ்த்திக் காட்டிக் கத்தவேண்டும்; அதை ஒவ்வொருவரும் அப்படியே பின்னால் கடத்தவேண்டும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் சொல்வது அதேபோல் முன்னால் போய்ச் சேரும். அந்தச் சைக்கிள் குழுவில் சேருகிற எவருக்கும் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

அவள் கத்தி முடித்த மறுகணம், பின்னாலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"குழி, எடது."

மலை எதிரொலிக்கிறது என்று நினைத்தாள். சோதித்துப் பார்க்க "ஏய்!" என்றாள். மலை பேசவில்லை.

அவளுக்கு முன்னால் போன மருது தலையைப் பாதி திருப்பினான். "என்ன பவா, ஆளே இல்லாம ஆருக்குக் கத்துற? பேய்க்கு ரூட்டு சொல்றியா?"

"மூடிக்கிட்டு மிதி."

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

நல்ல ரோடு அது. விடிந்தபிறகு வந்தால் கண்ணைப் பறிக்கும். ஒரு பக்கம் சிறுமலைச் சரிவு, இன்னொரு பக்கம் சின்னக் குன்றுகள், நடுவில் மாந்தோப்பும் தென்னையும் வயலுமாய் ஒடுங்கிப்போகிற பள்ளத்தாக்கு, முடிவில் அணைத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமையானால் மதுரைக்காரர்கள் படம் பிடித்துப் போட்டு மாய்வார்கள். இப்போதோ மார்கழிப் பனி வயலிலிருந்து எழுந்து ரோட்டை நக்கிக்கொண்டு கிடந்தது. ஈர வைக்கோலும் சாணமும் கலந்த வாடையும், எங்கோ புகைந்த சருகும், பத்துப் பன்னிரண்டு செயின்கள் ஒன்றாகக் கரகரக்கும் சத்தமும் தவிர உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

இன்றைய சவாரி காவ்யஸ்ரீக்காக. போன மார்கழியில் இதே ரோட்டில் செத்துப்போனவள். வரிசையின் தலையில், குழுவை நடத்தும் விஜய்ஆனந்துக்குப் பக்கத்தில், அவளுடைய அக்கா ஹம்சவேணி போய்க்கொண்டிருந்தாள். தங்கச்சியின் சைக்கிளைச் சரிபண்ணி, அதை ஓட்டவும் பழகிக்கொண்டு வந்திருந்தாள். புறப்படும்போது, சிம்மக்கல்லில், டீ கூடக் குடிக்காமல் பவதாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானம்மா அன்னைக்கு அவளுக்கு முன்னால போனது?"

"ஆமாக்கா."

"நீ கத்துனது நெசமாவே அவ காதுல விழலியா? எங்கம்மா இன்னும் அவ போட்டோவ எடுத்து மாட்டல. பாட்டுக் கேட்டுக்கிட்டே உசுர விட்டாளே சனியன்னு திட்டிக்கிட்டே கெடக்குறாங்க. செத்தவள இம்புட்டுத் திட்டுவாங்களா?"

அந்தக் கை சில்லென்றிருந்தது. உண்மையாய் ஒரே ஒரு வார்த்தை போதும். அந்தத் தாய் மகளின் போட்டோவை மாட்டிவிடுவாள்.

"கத்துனேன்க்கா. இயர்போன் போட்டிருந்தா. கேக்கல."

பச்சைப் பொய். காவ்யஸ்ரீயின் காதில் எதுவும் இல்லை.

அன்று அலங்காநல்லூர் டீக்கடையில், எல்லார் முன்னாலும், காவ்யஸ்ரீ தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் ஜெர்சியை எடுத்து நீட்டினாள். "இத வச்சுக்கோ பவா. எனக்குப் பழசுதான்." அவள் மனசில் விஷம் இல்லை. ஆனால் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகளுக்கு, அடுத்தவர் பழசை வாங்கி உடுத்தியே படித்துப் பட்டம் வாங்கி, ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வேலைக்கு உட்கார்ந்தவளுக்கு, அந்த மஞ்சள் துணி நெஞ்சில் தீக்கங்காய் விழுந்தது. இறக்கத்தில் முன்னாலிருந்து "குழி!" வந்தது. பவதாரிணி சைக்கிளை ஒடித்துத் திருப்பினாள். கையைக் காட்டவில்லை, கத்தவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். விழட்டும். முட்டி தேயட்டும். அவ்வளவுதான் நினைத்தாள். வாய்க்கால் பாலத்துச் சுவர் அங்கே இருந்ததை நினைக்கவில்லை.

அப்புறம் எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். அவள் அழுத அழுகையில் எல்லாரும் நம்பினார்கள்.

பின்னால் இப்போது, மிதிக்காமல் விட்ட சக்கரத்தில் ஃப்ரீவீல் ஓடும் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக்டிக் என்று, விலை கூடின சக்கரத்துக்கே உரிய மெல்லிய, சீரான சத்தம். பவதாரிணி அழுத்தி மிதித்தாள். அது விலகவில்லை. மிதிப்பதை நிறுத்தினாள். அதுவும் முந்தவில்லை. காற்று முன்னாலிருந்து வீசியும், பின்னாலிருந்துதான் அந்த வாடை வந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட், ஈரமண், அதற்கடியில் சந்தன சோப்பு.

"மருது. நீ கடைசில வாயேன்."

"ஏன்?"

"கால் பிடிக்குது. வாயேன்டா."

"போ தாயி. பின்னால ஆள் இல்லாட்டி எனக்கு முதுகு கூசும்."

"மருது..."

"மாட்டேன்னா விடு."

திரும்பிப் பார்த்துவிடலாம். கழுத்தைத் திருப்பினால் தீர்ந்தது. யாரும் இருக்கமாட்டார்கள். வெறும் ரோடு, வெறும் பனி. கழுத்து திரும்ப மறுத்தது.

கிழக்கே வெளுத்தது. வெளிச்சம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். வெளிச்சம் வந்தது. டிக்டிக்டிக் போகவில்லை. வெயில் ஏறவில்லை; அவள் நிழல் இன்னும் ரோட்டில் விழவில்லை. ஆனால் முதுகுப் பக்கம் யாரோ நெருங்கி நிற்கும்போது வருகிற கதகதப்பு மட்டும், இந்தக் குளிரில், தோளில் படிந்தது.

இறக்கம் தொடங்கியது.

முன்னால் விஜய்ஆனந்தின் குரல். "குழி! வலது!"

வாய் வாயாக இறங்கி வந்தது. மருது கையைத் தாழ்த்தினான். "குழி, வலது!"

பவதாரிணி தொண்டை கிழியக் கத்தினாள். போன வருஷம் கத்தாததற்கும் சேர்த்து.

"குழி! வலது! வலது!"

பின்னால் பதில் இல்லை.

ஃப்ரீவீல் மட்டும்.

அப்புறம், காதுமடலுக்குப் பக்கத்தில், ரொம்ப நிதானமாக:

"சொல்லல."

மருது பழக்க தோஷத்தில் நிமிர்ந்தான். பின்னாலிருந்து வந்ததை முன்னால் கடத்தினான்.

"சொல்லல!"

"டேய், வேணாம்... மருது!"

அவனுக்கு முன்னால் போனவர் வாங்கினார். "சொல்லல!"

அடுத்த குரல். "சொல்லல!"

பனிக்குள் அது போய்க்கொண்டே இருந்தது. ஆண் குரல், பெண் குரல். என்ன கடத்துகிறோம் என்று தெரியாமலே கடத்தினார்கள். தூரத்தில், வரிசையின் தலையில், கடைசியாக ஒருமுறை.

"சொல்லல."

பிரேக் கிறீச்சிட்டது. ஒன்று. இன்னொன்று. வரிசை முழுக்க நின்றது. பாலத்துச் சுவருக்கு நேராகப் பவதாரிணியும் கால் ஊன்றினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தார்கள். மருதுவின் வாய் திறந்தபடி நின்றது.

ஹம்சவேணி சைக்கிளை அப்படியே கீழே போட்டாள். நாலு எட்டு நடந்து வந்தாள். எதையோ கேட்டாள். தமிழில் இல்லை. தங்கள் வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிரத்தில்.

பவதாரிணியின் காதுக்குப் பின்னால் பதில் வந்தது. அதே மொழியில். அழுகை இல்லை, கோபம் இல்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை நடந்ததைச் சொல்வதுபோல் நிறுத்தி, நிதானமாக. பவதாரிணிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. நடுவில் வந்த அவள் பெயர்.

"அக்கா. நான்... நான் அன்னைக்கு..."

ஹம்சவேணி அவளைக் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து வந்த குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். முகம் மெல்ல இறுகியது. பிறகு அவள் கண், பின்னால் இருந்ததை விட்டு, பவதாரிணியின் முகத்துக்கு வந்து நின்றது.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. தேய்ந்து கிழிந்த கையுறை. நகத்தடியில் தார். விரல் மடங்கி, கீழே இறங்கி, குழியைக் காட்டுவதுபோல் பவதாரிணியைக் காட்டியது.

மருதுவின் கை எழுந்தது. காட்டியது.

அவனுக்கு அடுத்தவர் கை.

அதற்கடுத்த கை.

ஹம்சவேணியின் கை.