நிமிர்த்தி வைத்த மெத்தை

மெத்தையைச் சுற்றியிருந்த பொலித்தீனின் உட்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. கலீலுர் றஹ்மான் விரலால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாகச் சுருங்கி மறைந்து, சற்றுப் பொறுத்து அதே இடத்தில் மறுபடி படிந்தது.

"கடல் காத்துதான் நானா," என்றார் வாசலில் நின்ற காவலாளி குலசிங்கம், அண்ணன் முறையில் அவரை நானா என்றே கூப்பிடுகிறவர். "பொலித்தீனை நேர சுத்தாதேங்கோ, உள்ளுக்க ஒரு பழைய பெட்சீற்றைப் போடுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான். மெத்தை வேர்க்கும்."

"வேர்த்தாப் பரவாயில்ல. பூஞ்சணம் பிடிக்காட்டிச் சரி."

துறைமுக வீதியிலிருந்த அந்தப் பழைய பண்டகசாலையைத் தகரத்தால் அறை அறையாகத் தடுத்து, வீட்டுச் சாமான் வைக்க வாடகைக்கு விட்டிருந்தார்கள். வெளிநாடு போகிறவர்களும் வீடு இடித்துக் கட்டுகிறவர்களும் அங்கே சாமான் வைத்தார்கள். கலீலுர் றஹ்மான் இரண்டுமில்லை. அவர் இருந்தது மனைவி பஸ்மியாவின் சீதன வீடு. மாப்பிள்ளையாக அதற்குள் வந்தவர் அவர். பஸ்மியா நோயில் மௌத்தான பிறகு, ஊர் வழக்கப்படி, மகள் ஜெஸ்மினின் நிக்காஹ்வோடு வீடு மகள் பேருக்குப் போனது. புதுத் தம்பதிக்குப் புதுத் தளபாடம் வந்தது. பழைய கட்டில், அலுமாரி, மெத்தை, இரண்டு கதிரைகள் இங்கே வந்தன.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மருமகன் இஹ்ஸான் தங்கமான பிள்ளை, எழுந்து நின்றுதான் கதைப்பான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழும்பிப் புது சோபாவில் முழங்காலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம், இந்த வீட்டில் இனி நமக்கு என்ன இடம் என்று பயந்தார்.

அதனால் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இங்கே வந்துவிடுவார். சாமான்களைப் பார்க்க என்று ஒரு சாட்டு. செங்கல் மேல் ஏற்றி வைத்த கட்டில் கால்களுக்குக் கறையான் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தால், தகரக் கூரையில் புறாக்கள் நடக்கும் சத்தமும், கப்பல் கயிறு இழுபடும் முனகலும், கோதுமை மாவும் தாரும் உப்பும் கலந்த வாசமும், பாதி திறந்த அலுமாரிக்குள்ளிருந்து அந்துருண்டை நெடியும் மெல்ல மெல்ல வந்து அவரைச் சூழ்ந்துகொள்ளும். எதிரே சுவரோடு சாய்த்து நிமிர்த்தி வைத்த மெத்தையில், அந்தப் பனி வந்து வந்து போகும். தூங்குகிற ஆளின் மூச்சைப் போல.

முதலில் பயந்தார். பிறகுதான் அந்த மடத்தனமான நினைப்பு வந்தது. பஸ்மியா நோயில் கிடந்தது இந்த மெத்தையில்தான்.

"பஸ்மியா?" என்று கூப்பிட்டார்.

பனி நின்றது. பிறகு அவசர அவசரமாகப் படிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் அதனோடு கதைத்தார். பிரடெரிக் கோட்டை வாசலில் திரியும் மான்களில் ஒன்று, சின்னப் பிள்ளையாயிருந்த ஜெஸ்மினின் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கித் தின்றதையும், பசியை மறந்து, மானுக்கு உறைக்குமே என்று அவள் அழுததையும் சொன்னார். மகளைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கையை நெற்றியில் வைப்பார், எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. வீட்டுக்குப் போனால் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"வாப்பா, ஏன் வாயே திறக்கிறீங்க இல்ல?" என்று கேட்டாள் ஜெஸ்மின். "எங்களோட கோவமா?"

"இல்ல மகள்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உம்மா போன பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அவர் கேட்டதில்லை.

மழை பெய்த ஒரு பின்னேரம், கூரை ஒழுகுகிறதென்று குலசிங்கம் கதிரைகளை மூலையில் அடுக்கியிருந்தார். உட்கார இடமில்லாமல் கலீலுர் றஹ்மான் முதல் தடவையாக மெத்தைக்கு நேரே நின்றுகொண்டு கதைத்தார்.

பனி அவருடைய வாய்க்கு நேரே படிந்தது.

பஸ்மியா அவருடைய நெஞ்சு உயரம்தான். அண்ணாந்துதான் அவரோடு கதைப்பாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பனி படிந்தது. மறைந்தது. படிந்தது.

அப்படியென்றால் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

மின்சாரம் போனது. மழைச் சத்தம். அதற்குள்ளே வேறொரு சத்தம். பொலித்தீனை ஒட்டிய டேப் உரிகிற சத்தம். மெதுவாக. மேலிருந்து கீழே. ஏதோ ஒன்று அவர் தோளை உரசிக்கொண்டு போனது. அவருடைய அத்தர் வாசம். அவருடைய செருப்புச் சத்தம். ஷட்டர் ஏறியது. இறங்கியது.

வெளியே குலசிங்கத்தின் குரல் கேட்டது. "என்ன நானா, இண்டைக்கு வெள்ளனவே போறீங்கள்?"

"ஓம். மகள் பாத்துக்கொண்டிருப்பா."

அது கலீலுர் றஹ்மானின் சொந்தக் குரல்.

ஷட்டரை அவர் எப்படித் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. வீதியில் யாருமில்லை. மழையில் ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். வீட்டில் விளக்கு எரிந்தது. கேற்றுக்கு வெளியே நின்று, திறந்திருந்த ஜன்னலினூடாகப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் அவரே உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டி ஆட்டி மான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இஹ்ஸான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெஸ்மின் சிரித்தாள், சத்தமாக, கண்ணில் நீர் வர.

"மகள்!" என்று கத்தினார்.

அவள் ஜன்னலருகே வந்து நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் மட்டும்தான் இருந்தது.

"கேற்றடியில ஆரோ வயசாளி நிக்கிறாரு வாப்பா. பாவம், நல்லா நனைஞ்சிட்டாரு. கொஞ்சம் சோறு கட்டித் தாறன், குடுத்து அனுப்புங்க."

அது குடை பிடித்துக்கொண்டு வந்தது. கேற்றுக்கு மேலால் பொட்டலத்தை நீட்டியது. அவர் வாங்கவில்லை. அது அவர் கையைப் பிடித்து, விரல்களை மெல்ல விரித்து, பொட்டலத்தை வைத்து மூடியது.

"உங்களுக்குத்தான் அங்க, அந்தச் சாமான் அறையில, இடம் எடுத்திருக்கே," என்றது அன்பாக. "போங்க. மழை கூடுது."

உள்ளேயிருந்து ஜெஸ்மின் கூப்பிட்டாள். "வாங்க வாப்பா, மிச்சக் கதையைச் சொல்லுங்க."

"இந்தா வாறன் மகள்."

கேற்றுப் பூட்டு விழுந்தது. அவர் கையில் சோறு சூடாக இருந்தது.