மத்தியானப் பெரட்டு

இருமினால்கூடத் திருப்பி இருமிக் காட்டும் அந்தப் பாறைப் பள்ளம், பவளம் "நீலா" என்று கூப்பிட்டபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தாள். இருபுறமும் தண்ணீர் கசியும் கற்சுவர், நடுவில் ஓராள் நடக்கும் வழி, அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை. மேலே தேயிலை மலையில் பெண்கள் பேசிக்கொண்டே கொழுந்து பறிப்பது தெளிவாகக் கேட்டது. இவள் குரல் மட்டும் இரண்டடி போய் விழுந்துவிட்டது.

போன வருஷம், எழுபத்தேழில், இதே நாளில் தங்கை நீலாவதி இந்த வழியாகத்தான் போனாள். பக்கத்துத் தோட்டத்தில் அவளுக்குப் பிடித்தவன் ஒருவன் இருந்தான். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கக் கங்காணி பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

"அக்கா, என் பேரக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லிடு லா. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

அந்த மூடுபனியில் யார் முகம் யாருக்குத் தெரியும்? கங்காணி சின்னையா கூப்பிட்டார். பவளம் தன் குரலைச் சன்னமாக்கி "இருக்கேன்" என்றாள். பாவி, அந்த ஒரு சொல்தான். பத்தாகியும் தங்கை வரவில்லை. சொன்னால் குட்டு உடையும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். ஏட்டில் இருக்கிறவளை எவன் தேடுவான்? இருட்டிய பிறகு மழையில் தேடிப் போனார்கள். இந்தப் பள்ளத்தின் அடியில் கிடைத்தது ஒற்றைச் சிலிப்பர் மட்டும்; ஆளை மழைவெள்ளம் அடித்துப் போயிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் ஒரு பொண்ணு அழுவுற சத்தம் கேட்டுச்சு" என்று கீழே காய்கறித் தோட்டம் போட்டிருந்த வேலப்பன் பிறகு சொன்னபோது, பவளம் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெற்ற தாயிடம்கூட அவள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தச் சிலிப்பரை மடியில் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கு வந்திருந்தாள். கூடையைத் தேயிலை நிரையோரம் வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இறங்கினாள். தங்கை விழுந்த இடத்தில் அதை வைத்து ஒரு தடவை வாய்விட்டு அழ வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் பாசி வழுக்கியது. கணுக்கால் மடங்கி, உள்ளே ஏதோ முறிந்தது.

பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நீலா போனதிலிருந்து மத்தியானமும் பேர் கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டிருந்தார். தங்கை உயிரைக் கொடுத்து வாங்கிய உத்தரவு. அதுதான் இப்போது அக்காவைக் காப்பாற்றப் போகிறது. அதை நினைத்து அழுதாள்.

பனி இறங்கியது. கொழுந்து பறிக்கும் பேச்சு மங்கியது. பள்ளத்தின் அடியிலிருந்து யாரோ ஏறி வரும் சத்தம்.

சளக். தொப். சளக். தொப்.

ஒரு காலில் சிலிப்பர். ஒரு கால் வெறுங்கால்.

பவளம் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது நெருங்கியது. ஈரச் சேலை அவள் தோளை உரசிப் போனது. நீலா பூசும் மல்லிகைப் பவுடர் வாடை, சேற்றோடு சேர்ந்து. மடியைத் தடவினாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது. சிலிப்பர் இல்லை.

சளக். சளக். மேலே ஏறிப் போனது.

பெரட்டு மணி அடித்தது. சின்னையாவின் குரல்.

"பாஞ்சாலை!"

"இருக்கேன்."

"செல்லம்!"

"இருக்கேன்."

"பவளம்!"

பவளம் காத்திருந்தாள். யாரும் பதில் சொல்லக் கூடாது. யாரும்.

"இருக்கேன்."

அவளுடைய குரல்தான். ஆனால் கொஞ்சம் தடித்திருந்தது. அக்காவைப் போலப் பேசிக் காட்டும் தங்கையின் குரல்.

சின்னையா அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

"அண்ணே, நான் கீழ கெடக்கேன்!"

குரல் இரண்டடி போய் விழுந்தது.

பனி சற்று விலகியது. பள்ளத்தின் விளிம்பில் ஒருத்தி நின்றாள். முதுகில் பவளத்தின் கூடை. சேலை நுனியில் சேற்றுநீர் சொட்டியது. இரண்டு காலிலும் சிலிப்பர். அவள் குனிந்து, கீழே கிடந்தவளை வெகுநேரம் பார்த்தாள்.

"பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்க்கா" என்றாள்.