பத்துக்கு இரண்டு புள்ளி

"அடுத்து யாரு? வாங்க, உக்காருங்க."

தலை நிமிராமலே கூப்பிட்டாள் விஷாலினி. எதிரே நாற்காலி இழுபடும் சத்தம். நிமிர்ந்தாள்... அதற்குள் அந்தக் கண்கள் மேசைக்கு இறங்கிவிட்டன.

வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. மாதிரி நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த உடை அதுதான். ஆள் மட்டும் கொஞ்சம் வளர்ந்தவன். படிப்பு முடிந்து வேலை தேடுகிறவர்களும் வருவார்கள் என்று வகுப்பை நடத்தும் எலைன் சொன்னாளே, அந்த வகை போலும்.

மலேசியாவில், ஜெரம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பு அது. சம்பளத்தில் எப்படிச் சேமிப்பது, வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, சொந்தத் தொழிலை எப்படித் தொடங்குவது... பதினேழு வயது ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர எலைன் தொண்டூழியர்களைத் திரட்டியிருந்தாள். ரவாங்கில் வங்கி வேலை பார்க்கும் விஷாலினிக்கு இது முதல் வாரம். அதனாலேயே கூடுதல் கறார்.

"பேரு?"

"கணேஸ்வரன்."

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?"

"இங்கதான் மிஸ்... இதே பக்கம்தான்."

"ஆசை கொஞ்சம் பெருசா இருக்கலாமே. அப்புறம், கைய ஏன் கீழ ஒளிக்கிறீங்க? மேல வைங்க."

தயங்கித் தயங்கி வைத்தான். நக இடுக்கெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"நேர்முகத் தேர்வுக்கு வரும்போது கைய நல்லா கழுவிட்டு வரணும். சரியா?"

தலையாட்டினான். உதட்டோரம் ஒரு சிரிப்பு. பாவி, அந்தச் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது... புள்ளி போடும் பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'கண்ணைப் பார்த்துப் பேசுதல்: பத்துக்கு இரண்டு புள்ளி' என்று எழுதி நீட்டினாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பத்தே நிமிடம். மேடையில் எலைன் மைக்கைப் பிடித்தாள். "இன்னிக்கு நம்மகிட்ட பேச வந்திருக்காரு ஒரு முதலாளி. வேன்லயே பட்டறை வெச்சு, தோட்டம் தோட்டமா போயி மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பண்றவரு... கணேஸ்வரன்."

விஷாலினிக்குக் காது சுட்டது. அவனோ மைக்கை வாங்கிக்கொண்டு, "கைய கழுவிட்டு வரச் சொன்னாங்க. மூணு தடவ சோப்பு போட்டேன், போகல லா" என்றான். மண்டபமே சிரித்தது. எல்லார் கண்ணும் அவள் மேல்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் மறித்தாள். "என்னை வெச்சு காமெடி பண்ணத்தான் வந்தீங்களா?"

"இல்ல மிஸ். நீங்க உக்காரச் சொன்னீங்க... உக்காந்துட்டேன்."

"இப்படி ஏமாத்துறதெல்லாம் ஒரு பொழப்பா?"

சொன்ன கணமே நாக்கைக் கடித்தாள். அவன் சிரிப்பு அணைந்துபோயிருந்தது.

"என் பொழப்பு வேற மிஸ்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் வந்தான். மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, "சாமானுக்கும் பெட்ரோலுக்கும் விலை போடுறீங்க, உங்க நேரத்துக்கு யாரு போடுறது?" என்று பிள்ளைகளைக் கேட்பான். அவள் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டான். இவளோ இந்தக் கோடியில் சேமிப்புப் பாடம் நடத்திக்கொண்டே அந்தக் குரலுக்குக் காது கொடுப்பாள்.

ஒரு 'சாரி' சொன்னால் முடிந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு இந்த வாய் இத்தனை வீம்பு பிடிக்க வேண்டுமா? அவள் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் எந்திரம் பழுது பார்த்தவர். அவர் நகமும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே முதல் நாள் பள்ளிக்கூடம் போனாள். அப்படிப்பட்ட ஒரு கையைக் கழுவச் சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அவனைப் பார்க்காவிட்டால் வாரம் முழுக்க வெறிச்சென்று இருந்தது. இதற்குப் பெயர் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஐந்தாவது சனிக்கிழமை, கடைசி வகுப்பு. அடுத்த வாரம் தொண்டூழியர்களெல்லாம் வேறொரு பள்ளியில் வகுப்பெடுக்கச் சுங்கை பெசாருக்குப் போகிறார்கள். இந்தப் பக்கத்தை விட்டு அவன் வரமாட்டான். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

கடைசி வகுப்பில் தொண்டூழியர்களே வேலை தேடி வந்தவர்களாக உட்கார வேண்டும், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அது எலைனின் வழக்கம். கேள்வி கேட்கும் மேசையில் கணேஸ்வரன். எதிர் நாற்காலி காலி. விஷாலினி நேராகப் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பிடித்தது மழை. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் பிள்ளைகள் சன்னல்களைச் சாத்த ஓடினார்கள். அவன் ஏதோ கேட்டான்... உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேனாவை எடுத்துப் பாரத்தில் எழுதி அவள் பக்கம் தள்ளினான்.

'இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க?'

'சாரி சொல்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு' என்று எழுதினாள்.

படித்தான். வெகுநேரம் படித்தான். பிறகு மெதுவாக எழுதினான்: 'அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?'

மழை... பேனா... வீம்பாவது ஒன்றாவது.

'இங்கதான். இதே பக்கம்தான். உங்ககூட. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு.'

தள்ளிவிட்டுக் குனிந்துகொண்டாள். நிமிர முடியவில்லை. பாரம் திரும்பி வந்தது. 'கண்ணைப் பார்த்துப் பேசுதல்: பத்துக்கு இரண்டு புள்ளி.' பக்கத்திலேயே மடிப்பு விழுந்த பழைய பாரம், அவள் கையெழுத்தோடு. நான்கு வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.

சிரித்தபடி நிமிர்ந்தாள். இந்த முறை அந்தக் கண்கள் எங்கும் ஓடவில்லை.

பாரம் சேகரிக்க வந்த எலைன் மேலிருந்ததை எடுத்துப் படித்தாள். மழைச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கத்தினாள். "இத நான் ஃபைல்ல வைக்க முடியாது லா. நீங்களே யாராச்சும் வெச்சுக்குங்க."

கணேஸ்வரன் மேசை மேல் கையை நீட்டினான். ஒளிக்கவில்லை. நக இடுக்கில் அதே கறுப்பு. பாரத்தைத்தான் கேட்கிறான் என்று எலைன் நினைத்தாள். விஷாலினி அந்த உள்ளங்கையில் தன் கையை வைத்தாள்.